கல்லட்டிச் சரிவில் தரை தொட்ட பெடல்: பிரேக் பேட் தேர்வு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

உதகையிலிருந்து தலைகுந்தா, கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பிரேக் பிடிக்காமல் அங்கே பல விபத்துகள் நடந்த பிறகு வெளிமாவட்ட வண்டிகள் அவ்வழியே இறங்கத் தடை வந்தது. உள்ளூர் வண்டிகள் இன்றும் இறங்குகின்றன. அப்படி வாரந்தோறும் இறங்கிப் பழகிய ஒரு காரின் பிரேக் பெடல், மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சரிவின் பாதியில் தரை வரைக்கும் போய்விட்டது. ஓட்டியவர் பெடலை நான்கைந்து முறை விட்டுவிட்டு மிதித்து, கை பிரேக்கையும் இழுத்து, வண்டியை மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்தினார். வண்டிக்குள் அவருடைய தாயாரும் மனைவியும் மகளும் இருந்தனர். யாருக்கும் காயமில்லை என்பதே இந்த ஆய்வை அமைதியாக எழுத எனக்கு இடம் தருகிறது.

மறுவாரம் அவர் கோவையிலுள்ள எங்கள் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவந்தார். “இருக்கறதுலயே நல்ல பேடாப் பார்த்துப் போட்டுருங்ணா, காசு எவ்வளவானாலும் பரவால்ல” என்றார். பேட் என்பது, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற இரும்புத் தட்டை இருபுறமும் அழுத்திப் பிடித்து வண்டியை நிறுத்தும் கலவைக் கட்டை. அவர் கேட்டது நியாயமான உதவிதான். ஆனால் இரண்டு மாதங்களுக்கு முன்பு வேறோர் இடத்தில் அவர் இதே சொற்களைச் சொல்லி, அங்கே மாட்டிக்கொடுத்த விலையுயர்ந்த பேடோடுதான் அன்று கல்லட்டியில் இறங்கியிருந்தார். ஆகவே எந்த பேடை வாங்குவது என்பதற்கு முன், அந்தச் சரிவில் உண்மையில் எது தோற்றது என்பதை நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

வண்டியும் அதன் வரலாறும்

வண்டி 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சினும் ஆட்டோமேட்டிக் கியரும் கொண்ட ஹேட்ச்பேக். எடை ஏறத்தாழ 1,100 கிலோ. முன்சக்கரங்களில் 256 மி.மீ. விட்டமுள்ள, காற்றுப் பள்ளங்கள் கொண்ட டிஸ்க், பின்சக்கரங்களில் டிரம், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் உண்டு. உரிமையாளர் வசிப்பது உதகையில். வாரம் ஒருமுறை மசினகுடிக்கு இறங்கி ஏறுவார். ஆண்டுக்கு இரண்டு முறை கோவை செட்டிப்பாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில், சொந்த வண்டியோடு ஓட்ட அனுமதிக்கும் நாட்களில், கலந்துகொள்வார்.

அந்த ஓட்டக்களத்தில் ஒருமுறை பிரேக் மந்தமானதால்தான் அவர் பேட் மாற்றும் எண்ணத்துக்கே வந்தார். மாட்டிக்கொடுத்தவர்கள் பந்தயக் களத்துக்கென்று தயாரான, உலோகத்தூள் மிகுந்த கலவையைத் தேர்ந்திருக்கிறார்கள். பெடலின் அழுத்தத்தைக் குழாய் வழியே சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் பிரேக் ஆயிலை அவர்கள் தொடவே இல்லை. வண்டியின் பதிவேட்டைப் பார்த்தபோது, அந்த ஆயில் நான்கு ஆண்டுகளாக மாற்றப்படாமல் இருப்பது தெரிந்தது.

புதிய பேட் போட்ட நாளிலிருந்தே காலை வேளைகளில் முதல் இரண்டு மூன்று மிதிகளுக்கு வண்டி சரியாக அடங்கவில்லை என்றும், நிற்கும்போதெல்லாம் கிறீச்சிட்டது என்றும் உரிமையாளர் சொன்னார். பனிக்காலத்தில் உதகையின் விடியற்காலை வெப்பநிலை உறைநிலையை ஒட்டி இறங்கும். களத்துக்கான கலவைகளோ நன்றாகச் சூடேறிய பிறகே முழுப் பிடி தரும்படி அமைக்கப்பட்டவை. வீட்டு வாசலிலிருந்து கிளம்பி முதல் திருப்பத்தில் பிரேக் மிதிக்கிறவருக்கு அந்தச் சூடு எங்கிருந்து வரும்?

அன்று நடந்தது

சம்பவ நாளில் வண்டி முழுச் சுமையோடு, கியரை வண்டியே மாற்றிக்கொள்ளும் ‘டி’ நிலையிலேயே இறங்கியிருக்கிறது. முதல் கியரிலோ இரண்டாம் கியரிலோ இறங்கச் சொல்லும் பலகைகள் அந்தச் சாலையோரத்தில் இருக்கின்றன. ஆட்டோமேட்டிக் வண்டிக்கு அது பொருந்தாது என்று அவர் நினைத்திருந்தார். பாதி வழியில் மகளுக்குத் தலைசுற்றி வாந்தி வரவே, ஓரமாக ஐந்தாறு நிமிடம் நிறுத்தினார். அதுவரை பெடலில் எந்தக் குறையும் தெரியவில்லை. மறுபடி நகர்ந்து அடுத்த வளைவுக்கு முன் மிதித்தபோதுதான், காலுக்கடியில் ஒன்றுமே இல்லாததுபோல் பெடல் கீழே போயிருக்கிறது.

இந்த ஐந்தாறு நிமிடம்தான் இந்த நிகழ்வின் திறவுகோல். பிரேக் தோற்பதில் இரண்டு வகை உண்டு. ஓட்டுநரின் காலுக்கே அவற்றின் வேறுபாடு தெரியும். பெடல் கல்போல் உறுதியாக நிற்க, எவ்வளவு அழுத்தினாலும் வண்டி அடங்காமல் போனால், தோற்றது பேட். பெடலே பஞ்சாகித் தரைக்குப் போனால், குழாய்க்குள் ஆயில் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகிவிட்டன என்று பொருள். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். எனவே காலின் விசை முழுவதும் அந்தக் குமிழிகளை நசுக்குவதிலேயே செலவாகிறது. ஓடும்போது டிஸ்க்கின் மீதும், பேடுகளையும் அவற்றைத் தள்ளும் பிஸ்டனையும் தாங்கும் காலிப்பரின் மீதும் காற்று பட்டுக்கொண்டே இருக்கும். நிறுத்தியதும் அந்தக் காற்று நின்றுபோய், டிஸ்க்கில் தேங்கிய வெப்பம் பேடின் வழியாகப் பிஸ்டனுக்கும், பிஸ்டனிலிருந்து ஆயிலுக்கும் ஏறும். ஆகவே நிறுத்திய சில நிமிடங்களில் ஆயில் மேலும் சூடாகிறது. நின்று கிளம்பிய உடனே பெடல் போயிற்று என்று அவர் சொன்னபோதே எங்கள் சந்தேகம் பேடை விட்டு ஆயிலின் பக்கம் திரும்பியது.

எவ்வளவு வெப்பம் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. ஆட்களோடும் பொருட்களோடும் சேர்த்து வண்டி 1,400 கிலோ. இறங்கும் உயரம் ஏறத்தாழ 1,200 மீட்டர். இவ்விரண்டையும் புவியீர்ப்பு முடுக்கத்தோடு பெருக்கினால் 16 மெகாஜூலுக்குச் சற்று மேல் வருகிறது. இதே வண்டி 100 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை நிற்பதற்கு பிரேக் உள்வாங்கும் ஆற்றல் 540 கிலோஜூல். அதாவது கல்லட்டியில் ஒருமுறை இறங்குவது, 100 கி.மீ. வேகத்திலிருந்து 30 முறை அடுத்தடுத்து நிறுத்துவதற்குச் சமம். அரை மணி நேரத்தில் இறங்குவதாக வைத்துக்கொண்டால் சராசரியாக 9 கிலோவாட்: 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் ஒன்பதைச் சக்கரங்களில் கட்டி, அரை மணி நேரம் அணைக்காமல் விட்டதற்கு ஒப்பானது. டயர் உருளும் தடையும் காற்றின் தடையும் இதில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். இரண்டாம் கியரில் இறங்கினால் எஞ்சின் பெரும்பகுதியைத் தாங்கும். ‘டி’யில் இறங்கினால் ஏறக்குறைய எல்லாமே பிரேக்கின் தலையில்தான் விழும்.

கழற்றியபோது கண்டவை

ஆயில் தொட்டியின் மூடியைத் திறந்தபோது உள்ளே இருந்தது கடுங்காப்பியின் நிறத்தில் இருந்தது. கொதிநிலை காட்டும் கருவியில் இட்டுச் சூடேற்றியபோது 151 டிகிரி செல்சியஸில் கொதித்தது. பிரேக் ஆயிலின் தர வகைகளில் ஒன்றான டாட் 4 புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய நிலையிலும் 155 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது அந்த வகைக்கான விதி. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ரப்பர் குழாய்களின் வழியாகவும் தொட்டியின் வழியாகவும் ஆண்டுக்கணக்கில் ஈரம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். மழையும் மூடுபனியும் நிறைந்த ஊரில் நான்கு ஆண்டுகள் என்பது மிக அதிகம்.

இடது முன்சக்கரத்தின் காலிப்பரில், அது பக்கவாட்டில் நகர வழிவிடும் வழுக்கு ஊசிகளில் ஒன்று துருவால் இறுகியிருந்தது. உட்பக்கப் பேட் வெளிப்பக்கத்தைவிட வெளிப்படையாகக் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. டிஸ்க்கின் முகத்தில் விரல் நகத்தை வைத்து மையத்திலிருந்து விளிம்பு நோக்கி இழுத்தால், பழைய இசைத்தட்டைச் சுரண்டுவதுபோல் வரிவரியாகத் தடுக்கியது; இரண்டு இடங்களில் நீலம் பாய்ந்திருந்தது. பேடுகளின் முகமோ ஓரம் உதிராமலும் சாம்பல் பூக்காமலும் நல்ல நிலையில் இருந்தது. பேட் தன் வேலையைச் செய்தே இருக்கிறது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். உலோகம் மிகுந்த கலவை வெப்பத்தை நன்றாகக் கடத்தும். சாதாரணப் பேட் ஓரளவுக்குக் காப்புச் சுவர்போல் நின்று பிஸ்டனைக் காக்கிறது. உலோகப் பேடில் அந்தக் காப்பு குறைவு. ஆயிலின் நிலை முன்பே மோசமாக இருந்த வண்டியில் அந்தப் பேடை மாட்டியதால், ஆயிலுக்குப் போகும் வெப்பம் கூடியிருக்கிறது. பாதுகாப்புக்காகச் செலவழித்த பணம் அன்று அந்தக் குடும்பத்துக்கு எதிராகவே வேலை செய்தது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

வெப்பத்தை அளந்தது

பேடைத் தேர்ந்தெடுக்கும்போது பெட்டியின்மேல் அச்சிட்ட எண்களை ஒப்பிடுவதே வழக்கமாக இருக்கிறது. அந்த வண்டி, அந்த ஓட்டுநர், அந்தச் சாலை ஆகிய மூன்றும் சேர்ந்து டிஸ்க்கில் உண்டாக்கும் வெப்பம் எவ்வளவு என்பதே முதல் கேள்வி என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதை அளக்க விலை மலிவான வழி ஒன்று உண்டு. வெப்பம் காட்டும் பெயின்ட்களை டிஸ்க்கின் வெளிவிளிம்பில் மூன்று கோடுகளாகப் பூசலாம்: பச்சை 430 டிகிரியில் நிறம் மாறும், ஆரஞ்சு 560 டிகிரியில், சிவப்பு 610 டிகிரியில். எந்தக் கோடு வெளுத்திருக்கிறது, எது அப்படியே இருக்கிறது என்று பார்த்தால் டிஸ்க் எட்டிய உச்ச வெப்பத்தின் எல்லைகள் தெரிந்துவிடும். தொலைவிலிருந்து காட்டும் அகச்சிவப்பு வெப்பமானி பளபளப்பான இரும்பின் மீது குறைத்தே காட்டும் என்பதால், நின்ற பிறகு பார்ப்பதற்குத் தொட்டு அளக்கும் முனையைப் பயன்படுத்தினோம்.

காலிப்பர் ஊசிகளைச் சீர்செய்தோம். புதிய டிஸ்க் போட்டோம். ஆயிலை முழுவதும் வெளியேற்றிப் புதியதை ஏற்றினோம். வண்டியோடு வந்த முதல் பேடுகளை உரிமையாளர் தூக்கி எறியாமல் டிக்கியில் வைத்திருந்தார், 7 மி.மீ. மிச்சமிருந்த அவற்றையே சோதனைக்கு மாட்டினோம். டிஸ்க்கின் வெப்பத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வண்டியின் எடையும் வேகமும் சரிவும் என்பதால், இந்த அளவீட்டுக்கு எந்தப் பேட் என்பது பெரிய பொருட்டில்லை.

கல்லட்டியில் கியரைக் கையால் மாற்றும் நிலையில் வைத்து, இரண்டாம் கியரிலேயே இறங்கினோம். கீழே வந்து நின்றபோது தொட்டு அளந்ததில் ஏறத்தாழ 190 டிகிரி; பச்சைக் கோடு மாறவே இல்லை. ‘டி’யில் இறங்கி ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனையை நாங்கள் செய்யவில்லை, செய்யவும் மாட்டோம்.

அடுத்தது கரி களம். 2.1 கி.மீ. நீளமுள்ள சிறிய சுற்று. குறுகிய நேரோட்டங்களும் நெருக்கமான திருப்பங்களுமாக இருப்பதால் பிரேக் ஆறுவதற்கு அவகாசம் குறைவு. ஐந்தாவது சுற்றில் பெடல் உறுதியாக நின்றது, ஆனால் வண்டி முன்போல் அடங்கவில்லை. கருகிய பிசின் நாற்றம் ஜன்னல் வழியே வந்தது. பச்சைக் கோடு முழுவதும் வெளுத்திருந்தது. ஆரஞ்சு அப்படியே இருந்தது. அதாவது உச்ச வெப்பம் 430 டிகிரிக்கும் 560 டிகிரிக்கும் இடையில். இங்கே தோற்றது பேட்தான். ஒரே வண்டி, மலையில் ஆயிலாலும் களத்தில் பேடாலும் தோற்றிருக்கிறது. உரிமையாளருக்கு இரண்டும் “பிரேக் பிடிக்கல” என்ற ஒரே குறையாகவே தெரிந்திருக்கிறது.

பேட் ஏன் தோற்கிறது என்பதற்கும் ஒரு சொல். பேட் என்பது நார், உலோகத்தூள், கரி, தாதுப்பொடி எல்லாவற்றையும் பிசினால் இறுக்கிச் சுட்டெடுத்த கலவை. சாதாரணக் கலவையில் 300 டிகிரியைத் தாண்டியதும் அந்தப் பிசின் சிதையத் தொடங்கி, வாயுவாகக் கசிந்து, பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே படலமாக நிற்கும். இங்கிலாந்தின் டெர்பிஷயரில் குதிரை வண்டிக்காரர்கள் பிரேக் கட்டையில் பழைய பூட்ஸைக் கட்டி ஓட்டுவதைக் கவனித்த ஹெர்பர்ட் ஃப்ரூட், 1897-இல் ஃபெரோடோ நிறுவனத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து, இத்தொழிலில் இருப்பவர்கள் போராடிவருவது இந்த வெப்ப எல்லையோடுதான்.

தேர்வு

மூன்று வகைகளை மேசைமேல் வைத்து உரிமையாளரோடு பேசினோம்: வண்டியோடு வந்த வகை; சாலைக்கென்றே சற்று உயர்ந்த வெப்பம் தாங்கும்படி செய்யப்பட்ட, குறைந்த உலோகக் கலவை; அவர் முன்பு போட்டிருந்த களக் கலவை. மலைக்கு மட்டும் என்றால் முதல் வகையே போதும் என்பதை மறைக்காமல் சொன்னோம். சரியான கியரில் 190 டிகிரிதான் வருகிறது. அதை அந்தப் பேட் எளிதாகத் தாங்கும்.

பேடின் முதுகுத் தகட்டில் அச்சிடப்படும் இரண்டு ஆங்கில எழுத்துகளைப் பற்றி அவர் நிறையக் கேள்விப்பட்டிருந்தார். முதல் எழுத்து சாதாரண வெப்பத்தில் உராய்வு எண்ணைக் காட்டும். இரண்டாவது உயர்ந்த வெப்பத்தில். ‘இ’ என்றால் 0.25 முதல் 0.35 வரை, ‘எஃப்’ 0.35 முதல் 0.45 வரை, ‘ஜி’ 0.45 முதல் 0.55 வரை. இதில் கவனிக்க வேண்டியது, 0.36 உள்ள பேடும் 0.44 உள்ள பேடும் ஒரே ‘எஃப்’ எழுத்தையே பெறும் என்பது. சோதனையும் ஓர் அங்குலச் சதுரத் துண்டை வைத்துச் செய்வது. முழு வண்டியில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அது சொல்லாது. ஒரே கலவையின் குளிர்நிலையும் சூடுநிலையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதற்கு மேல் அந்த எழுத்துகளை நம்ப வேண்டாம் என்பது என் கருத்து.

உராய்வு எண் கூடினால் நிற்கும் தூரம் குறையும் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. ஏபிஎஸ் வேலை செய்யும் அளவுக்குப் பழைய பேடே சக்கரத்தைப் பிடிக்க முடிகிறது என்றால், அதற்கு மேல் எல்லை வகுப்பது டயர்தான். 60 கி.மீ. வேகத்திலிருந்து காய்ந்த தார்ச்சாலையில் ஒவ்வொரு பேடோடும் ஐந்து முறை நிறுத்திப் பார்த்தோம். எல்லாமே 16 மீட்டரை ஒட்டியே நின்றன. நல்ல பேடுக்குக் கொடுக்கும் விலை, பத்தாவது முறை மிதிக்கும்போதும் முதல் முறைபோலவே பிடிப்பதற்கான விலை.

பின்சக்கர டிரம்மை மாற்றாமல் முன்பேடின் பிடியை மட்டும் மிகவும் உயர்த்தினால் முன்பின் சமநிலை மாறும். ஈரச் சாலையில் முன்சக்கரங்களின் ஏபிஎஸ் முன்னதாகவே குறுக்கிடும், பின்பிரேக் தன் பங்கைச் செய்யாமல் இருக்கும். இதனால்தான் ஐரோப்பிய ஒழுங்குமுறை 90-இன் முத்திரையை நான் பெரிதாக மதிக்கிறேன். வட்டத்துக்குள் ‘இ’ என்ற எழுத்தும் நாட்டு எண்ணும், பக்கத்தில் ‘90ஆர்’ என்ற குறியும் இருக்கும். கார்களுக்கான மாற்றுப் பேட், அசல் பேடின் செயல்திறனிலிருந்து மேலேயோ கீழேயோ 15 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது அந்த விதி. களத்துக்கென்றே செய்யப்படும் கலவைகள் பெரும்பாலும் இந்த முத்திரையோடு வருவதில்லை.

ஆகவே இரண்டாம் வகையைத் தேர்ந்தோம்: ஒழுங்குமுறை 90 முத்திரையுள்ள, தயாரிப்பாளர் 500 டிகிரிக்கு மேல் வரை தாங்கும் என்று குறிப்பிடும் சாலைப் பேட். களத்துக்கு இது முழுத் தீர்வாகாது என்பதையும் சொல்லிவிட்டோம். களத்துக்கென்று தனிச் செட் வைத்து மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒரு கலவை டிஸ்க்கில் விட்டுச்சென்ற படலத்தின்மேல் இன்னொரு கலவையை ஓட்டினால் அதிர்வும் சீரற்ற பிடியும் வரும், ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்து பழக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டே நாளுக்காக அது வேண்டாம் என்று முடிவெடுத்த உரிமையாளர், மூன்று சுற்று வேகமாக, ஒரு சுற்று மெதுவாக என்று ஓட்டும் முறையை ஏற்றுக்கொண்டார். பேடை இணையத்தில் மலிவாக வாங்காமல் நேரடி முகவரிடம் வாங்கினோம். போலிகள் நிறைய உலவுகின்றன.

ஆயிலுக்கு டாட் 5.1 தேர்ந்தோம். புதிதில் 260 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு 180 டிகிரி வரை தாங்கும். குளிரில் கெட்டிப்படாமல் ஓடுவதால் ஏபிஎஸ்ஸுக்கும் ஏற்றது. பெயர் ஒத்திருந்தாலும் டாட் 5 என்பது சிலிக்கோன் ஆயில். இந்த வண்டிகளில் அதை ஊற்றவே கூடாது.

பழக்கியதும் பிறகும்

புதிய பேடை மாட்டிய அன்றே மலைக்கு அனுப்பவில்லை. விடியற்காலையில், ஆளில்லாத நேரான சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 கி.மீ. வரை, அழுத்தமாக ஆனால் முழுவதும் நிற்காமல், பத்து முறை குறைத்தோம். பேடின் கலவை மெல்லிய படலமாக டிஸ்க்கில் சீராக ஒட்டுவதற்காக இதைச் செய்கிறோம். சூடான நிலையில் பெடலை மிதித்தபடி நின்றுவிட்டால் பேடின் உருவம் டிஸ்க்கில் திட்டாகப் பதிந்துவிடும். “டிஸ்க் வளைஞ்சிருச்சு” என்று வரும் வண்டிகளில் பலவற்றுக்கு இந்தத் திட்டுதான் காரணம். பிறகு பிரேக்கைத் தொடாமல் கால் மணி நேரம் ஓட்டி ஆறவிட்டோம். டிஸ்க்கின் முகம் முழுவதும் ஒரே சீராகச் சாம்பல் நீலமாக மாறியிருந்தது.

ஆறு மாதங்கள் கழித்து வண்டி மறுபடி வந்தது. உள்பேடும் வெளிப்பேடும் ஒரே அளவில் தேய்ந்திருந்தன. டிஸ்க்கில் நகம் தடுக்கவில்லை. காலையில் முதல் மிதியிலேயே பிடிக்கிறது என்று உரிமையாளர் சொன்னார். கல்லட்டியில் இறங்கும்போது இப்போது அவர் இரண்டாம் கியருக்கு மேல் போவதில்லை. இடையில் ஒருமுறை களத்திலும் ஓட்டியிருக்கிறார். பச்சைக் கோடு வெளுத்திருந்தது, ஆரஞ்சு மாறவில்லை, பிடியும் குறையவில்லை.

அவருடைய பதிவு அட்டையில் இரண்டு வரிகள் எழுதியிருக்கிறோம். மழைக்காலம் முடிந்ததும் ஆண்டுதோறும் ஆயில் மாற்ற வேண்டும். பேட் மெலிய மெலியப் பிஸ்டனுக்கு வெப்பம் தடையின்றிப் போகும் என்பதால், அதன் தடிமன் 4 மி.மீ.க்கு வந்துவிட்டால், ஊருக்குள் ஓட்ட அது போதுமென்றாலும், கல்லட்டியில் இறங்கும் முன் மாற்றிவிட வேண்டும். இப்போது 8 மி.மீ. இருக்கிறது.